மெக்சிகோவின் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் நாட்காட்டியை எடுங்கள்

பிரமிடுகளுக்குத் திட்டமிடாமல் போய் நின்றாலும் உள்ளே விடுவார்கள். வீடுகள் அப்படியல்ல. ஓர் அறையில் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆளுக்கு இடம் இருக்காது. அதனால் மெக்சிகோவின் புகழ்பெற்ற வீட்டு அருங்காட்சியகங்கள் பலவற்றில் நேரம் குறித்த டிக்கெட்தான். வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் திரும்புகிறார்கள்: டிக்கெட் எடுக்கவில்லை, அல்லது அன்று திங்கட்கிழமை.

பலகைகளில் வரும் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே புரியும். காஸா என்றால் வீடு. கின்டா என்பது தோட்டத்தோடு கூடிய பெரிய வீடு. ஆசியெந்தா என்பது வீடு, தேவாலயம், களம், ஆலை, கூலியாட்களின் குடியிருப்பு எல்லாம் சேர்ந்த பண்ணை. அதன் நடுவிலுள்ள கட்டடத் தொகுதிக்குக் காஸ்கோ என்று பெயர். தக்கீயா டிக்கெட் கவுண்டர், பாகெத்தெரியா பை ஒப்படைக்கும் இடம். 'செர்ராதோ' என்று எழுதியிருந்தால் மூடியிருக்கிறது என்று பொருள்.

படி 1: குறைவாகத் தேர்ந்தெடுங்கள்

பத்து நாள் பயணத்துக்கு ஏழெட்டு வீடுகள் போதும். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் பார்த்தால் எந்தக் கட்டில் யாருடையது என்பதே குழம்பிவிடும். ஒரே வகை வீடுகளையே அடுக்குவதும் நல்லதல்ல. ஓவியர், கட்டடக் கலைஞர் வீடுகள் சில, விடுதலைப் போரோடும் புரட்சியோடும் தொடர்புள்ள வீடு ஒன்றிரண்டு, ஓர் ஆசியெந்தா என்று கலந்து எடுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது: மெக்சிகோ நகரில் 4 இரவுகள், அங்கிருந்து ஒரு நாள் புவேப்லா, பிறகு பேருந்தில் குவானஹுவாதோ, அங்கே 2 இரவுகள், கடைசியாக விமானத்தில் யுகதான் மாநிலத்தின் மெரிடா, அங்கே 3 இரவுகள்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குவானஹுவாதோவும் ஏறத்தாழ 2,000 மீட்டர். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். குன்றின்மேல் இருக்கும் சபுல்தெபெக் கோட்டையை முதல் நாளில் வைக்காதீர்கள்.

படி 2: திங்கட்கிழமையை ஒதுக்குங்கள்

அரசு அருங்காட்சியகங்களும் தனியார் அறக்கட்டளை வீடுகளும் பெரும்பாலும் திங்களன்று மூடியிருக்கும். அந்த நாளை ஊர் மாறும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹிதால்கோ, சான் லூயிஸ் பொதோசி போன்ற மாநிலங்களுக்கும் போகிறீர்கள் என்றால் இடத்துக்கு இடம் விடுமுறை மாறும். சான் லூயிஸ் பொதோசியின் சிலீட்லா ஊரில் ஆங்கிலேயக் கவிஞர் எட்வர்ட் ஜேம்ஸ் காட்டுக்குள் கட்டிய லாஸ் போசாஸ் தோட்டத்துக்குச் செவ்வாய்தான் விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமையில் வேறொரு சிக்கல். அரசு அருங்காட்சியகங்களில் அன்று மெக்சிகோ நாட்டவருக்கும் அங்கு வசிப்போருக்கும் அனுமதி இலவசம். சுற்றுலாப் பயணிக்குக் கட்டணமும் உண்டு, கூட்டமும் உண்டு. குவாதலஹாராவிலோ தலைநகரிலோ வேலை பார்த்து, மெக்சிகோவின் குடியிருப்பு அட்டை வைத்திருக்கிற தமிழர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தும். அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படி 3: கடினமான இரண்டு டிக்கெட்டுகளை முதலில் எடுங்கள்

ஓவியர் ஃபிரிடா காலோவின் நீல வீடான காஸா அசூல் ஒன்று, கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகானின் வீடு மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நேரம் கிடைத்த பிறகே மற்றவற்றுக்கு நாள் குறியுங்கள். விமான டிக்கெட் கையில் வந்த அன்றே தேடத் தொடங்குவது நல்லது. குறைந்தது மூன்று வாரம் முன்பாவது முடித்துவிட வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் திருநாள், டிசம்பர் கடைசி, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆகிய காலங்களில் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும்.

அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களில் பல இடைத்தரகர்களுடையவை. அதே டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாசலுக்கு வெளியே நின்று டிக்கெட் இருக்கிறது என்று அழைப்பவர்களிடம் வாங்கவே வேண்டாம். நேரம் குறித்த டிக்கெட் என்பதால் அது உண்மையானதா என்று நுழைவாயிலில் ஸ்கேன் செய்யும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

பணம் கட்டும்போதுதான் பலருக்கும் தடங்கல் வருகிறது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். வங்கிச் செயலிக்குள் போய் அதைத் திறந்துவிட்டு வாங்குங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மெக்சிகோவின் சிம்மைப் போட்ட பிறகு அந்தக் குறுஞ்செய்திக்காகக் காத்துக் கிடக்க நேரும். தேதி நம் ஊரைப் போலவே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில்தான் இருக்கும். நேரம் மட்டும் 24 மணிக் கணக்கில் வரும்.

படி 4: கொயோகானில் ஒரு நாள்

கொயோகான் மெக்சிகோ நகரின் தென்பகுதி. அங்குள்ள காஸா அசூல் காலை 10 மணிக்குத் திறக்கும், புதன்கிழமை மட்டும் 11 மணிக்கு. அன்றைய முதல் நேரத்தை எடுத்தால் சமையலறையை நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். மெட்ரோவில் 3-ஆம் தடத்தின் கொயோகான் நிலையத்தில் இறங்கி 20 நிமிடம் நடக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

ஃபிரிடா 1907-ல் இந்த வீட்டில் பிறந்தார், 1954-ல் இங்கேயே இறந்தார். 1958-ல் வீடு அருங்காட்சியகமானது. உள்ளே ஓவியங்களை மட்டும் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அவருடைய பெயர்பெற்ற ஓவியங்களில் பல வேறு இடங்களில் இருக்கின்றன. இந்த வீட்டில் பார்க்க வேண்டியது வீட்டைத்தான். சமையலறைச் சுவரில் சின்னஞ்சிறு மண் குவளைகளை ஒட்டி ஃபிரிடா, டியேகோ என்று இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறார்கள். டியேகோ என்பது அவருடைய கணவர், ஓவியர் டியேகோ ரிவேரா. கட்டிலின் மேற்கூரையில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கிறது. எழுந்திருக்க முடியாத நாட்களில் படுத்தபடியே தன்னைப் பார்த்து வரைவதற்காக வைத்தது. மாடியிலுள்ள ஓவிய அறையில் ஓவியச் சட்டத்துக்கு முன்னால் அவருடைய சக்கர நாற்காலி நிற்கிறது. பக்கத்துப் படுக்கையறையில் தவளை வடிவப் பழங்காலக் கலயம் ஒன்று இருக்கும். அவருடைய சாம்பல் அதில்தான் இருக்கிறது. அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறவர்கள் நிறைய. ஆடைகளும் மருத்துவ இடுப்புக் கச்சைகளும் தனிப் பகுதியில் இருக்கின்றன. அவை பல பத்தாண்டுகள் குளியலறையில் பூட்டிக் கிடந்து 2004-ல்தான் வெளியே வந்தன. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டியேகோ ரிவேரா தான் சேர்த்த பழங்காலச் சிற்பங்களுக்காக எரிமலைக் கல்லால் கட்டிய அனாவாகாயி அருங்காட்சியகத்துக்கும் அதே டிக்கெட்டில் போகலாம்.

காஸா அசூலிலிருந்து பத்து நிமிட நடையில், ரஷ்யாவிலிருந்து வெளியேற்றப்பட்ட புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் வீடு. இங்கே வழிகாட்டும் செயலி சிலரைத் தவறான பக்கம் கொண்டுபோய் விடும். வீட்டின் பழைய வாசல் வியேனா தெருவில் இருந்தது. இப்போது நுழைவாயில் வாகன இரைச்சல் மிகுந்த ரியோ சுருபுஸ்கோ சாலையில், 410-ஆம் எண்ணில் இருக்கிறது. 1940 மே 24 அன்று ஓவியர் சிகெய்ரோஸ் தலைமையில் வந்த கும்பல் சுட்ட குண்டுகளின் துளைகள் படுக்கையறைச் சுவரில் அப்படியே உள்ளன. அதன் பிறகுதான் காவல் கோபுரங்களும் இரும்புக் கதவுகளும் வந்தன. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள கதவின் தடிமனை நின்று பாருங்கள். இத்தனை காவலையும் தாண்டி, நண்பர்போல் வந்துபோன ஒருவர் ஆகஸ்ட் 20 அன்று படிப்பறையிலேயே பனிக்கோடரியால் தாக்கினார். மறுநாள் டிராட்ஸ்கி இறந்தார். தோட்டத்தில் அவருடைய சாம்பலைப் புதைத்த இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. பக்கத்தில் அவர் வளர்த்த முயல்களின் கூண்டுகள் இருக்கின்றன. இங்கு முன்பதிவு நெருக்கடி இல்லை. முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

காஸா அசூலுக்கு டிக்கெட் கிடைக்கவே இல்லையா? சான் ஆங்கெல் பகுதியிலுள்ள டியேகோ, ஃபிரிடா இருவரின் பணியக வீட்டுக்குப் போங்கள். இளைஞராக இருந்த ஹுவான் ஓ'கோர்மான் 1930-களின் தொடக்கத்தில் கட்டியது. ஆளுக்கொரு வீடு, இரண்டையும் இணைக்க மாடியில் ஒரு பாலம், மதிலுக்குப் பதிலாகக் கள்ளி வேலி. கட்டடத்தின் மேல் ஆர்வமுள்ளவர்களுக்குக் காஸா அசூலைவிட இதுவே நல்ல இடம் என்பது எங்கள் எண்ணம். மாடிப்படிகள் குறுகலாகச் சுழன்று ஏறும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். சனிக்கிழமை போனால் அருகிலுள்ள சான் ஹசிந்தோ சதுக்கத்தில் கைவினைச் சந்தை இருக்கும். அதே சதுக்கத்திலுள்ள காஸா தெல் ரிஸ்கோவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உடைந்த பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் பதித்த சுவர் நீரூற்று ஒன்றுக்காகவே உள்ளே போகலாம்.

படி 5: பர்ரகான் வீட்டில் எப்படி நடந்துகொள்வது

தக்குபாயா பகுதியில் ஜெனரல் பிரான்சிஸ்கோ ராமிரெஸ் தெருவில் இருக்கிறது. பக்கத்து மெட்ரோ நிலையம் கோன்ஸ்திதுயெந்தெஸ். தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறச் சுவர் மட்டுமே தெரியும். பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். 1948-ல் கட்டி முடித்து, 1988-ல் இறக்கும் வரை பர்ரகான் வாழ்ந்த வீடு. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். தாமதமாகப் போனால் அடுத்த குழுவில் சேர்ப்பார்கள் என்று நம்பாதீர்கள். படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. அதைக் கட்டாமல் போவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். இந்த வீட்டில் பார்க்க வேண்டியது வெளிச்சம். இருண்ட நடையிலிருந்து மஞ்சள் ஒளி விழும் படிக்கட்டுக்கு வரும்போது கண் பழகச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்காகவே கதவுகளும் சுவர்களும் அங்கங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. நூலக அறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரப் படிகளுக்குக் கைப்பிடி இல்லை. மொட்டை மாடியில் சுவர்கள் ஆளுயரத்துக்கும் மேலே எழும்பி வானத்தை மட்டும் காட்டும். மேகம் நகரும் மதிய நேரத்தில் ஐந்து நிமிடம் அங்கே நில்லுங்கள்.

இந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் சில. முதுகுப் பையை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆகவே பாஸ்போர்ட், பணம், மருந்து ஆகியவற்றைச் சிறு பையில் தனியாக வையுங்கள். ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. பெசோவில் சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள். சிறு ஊர்களின் அருங்காட்சியகங்களில் அட்டை எடுக்காத கவுண்டர்கள் உண்டு, பெரிய நோட்டுக்குச் சில்லறை இல்லாத கவுண்டர்கள் அதைவிட அதிகம்.

சபுல்தெபெக் கோட்டை அரண்மனை வகை. பேரரசர் மாக்சிமிலியனும் அவர் மனைவி கார்லோட்டாவும் 1864 முதல் வாழ்ந்த அறைகளையும், பின்னால் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் பாரிசிலிருந்து வரவழைத்த வண்ணக் கண்ணாடித் தொடரையும் காட்டுகிறார்கள். உணவும் பானமும் கொண்டுபோக விட மாட்டார்கள். காலை 9 மணிக்கே ஏறிவிடுங்கள். அதே பூங்காவில் லோஸ் பினோஸ் இருக்கிறது. 1934 முதல் அதிபர்கள் குடியிருந்த வளாகம். 2018 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், கட்டணம் இல்லை.

படி 6: புவேப்லா, குவானஹுவாதோ

தலைநகரின் தாப்போ நிலையத்திலிருந்து புவேப்லாவுக்குப் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே ஒரே ஒரு வீட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் 6 ஓரியெந்தே தெருவிலுள்ள செர்தான் குடும்பத்து வீட்டுக்குப் போங்கள். மெக்சிகோப் புரட்சி 1910 நவம்பர் 20 அன்று தொடங்க வேண்டும் என்று குறித்திருந்தார்கள். ஆயுதம் பதுக்கியிருந்த இந்த வீட்டைக் காவலர்கள் 18-ஆம் தேதியே சூழ்ந்ததால் முதல் சண்டை இங்கேயே நடந்தது. முகப்பில் குண்டுத் துளைகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். அகிலெஸ் செர்தான் தரைக்கு அடியில் ஒளிந்திருந்த பள்ளத்தையும் காட்டுவார்கள். வெளியே வந்ததும் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே தெருவில் வரிசையாக இனிப்புக் கடைகள் இருக்கின்றன.

குவானஹுவாதோவுக்கு நோர்த்தே பேருந்து நிலையத்திலிருந்து சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பொசீதோஸ் தெரு 47-ஆம் எண்ணில் டியேகோ ரிவேரா 1886-ல் பிறந்த வீடு இருக்கிறது. தரைத்தளத்தில் அந்தக் காலத்து நாற்காலி, கட்டில். மேலே அவருடைய தொடக்ககால ஓவியங்கள். ஒரு மணி நேரம் போதும். மறுநாள் மார்ஃபில் பகுதியிலுள்ள சான் கப்ரியேல் தெ பர்ரேரா ஆசியெந்தாவுக்குப் போங்கள். எல்லோரும் தோட்டங்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வெள்ளியைப் பிரிக்கும் ஆலையாக இருந்த இடம் இது. பொடித்த தாதுவோடு உப்பும் பாதரசமும் கலந்து, திறந்த முற்றத்தில் பரப்பி, கோவேறு கழுதைகளை வாரக்கணக்கில் மிதிக்க விடுவார்கள். பாதரசம் வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். பிறகு சூடேற்றிப் பிரிப்பார்கள். அந்த நஞ்சு மனிதரையும் விலங்கையும் சேர்த்தே தின்றது. ஆலை இருந்த இடத்தில்தான் இப்போது பூச்செடிகள் இருக்கின்றன என்பதை மனதில் வைத்து நடந்தால், மதில்கள் ஏன் இவ்வளவு உயரம் என்பது விளங்கும்.

இங்கிருந்து டொலோரெஸ் இடால்கோ ஊருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். 1810 செப்டம்பர் 16 விடியலில் பாதிரியார் மிகேல் இடால்கோ ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராக விடுதலைக் குரல் எழுப்பிய தேவாலயமும், அவர் குடியிருந்த வீடும் அங்கேதான். செப்டம்பர் நடுவில் மட்டும் போகாதீர்கள்; தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

படி 7: ஆசியெந்தாவை எப்படிப் பார்ப்பது

யுகதானின் பண்ணைகள் எனெகென் என்ற கற்றாழை வகையால் வளர்ந்தவை. அமெரிக்காவின் கோதுமை வயல்களில் அறுவடை இயந்திரங்கள் கதிரைக் கட்டக் கயிறு கேட்டன. அந்தக் கயிற்றுக்கான நார் இங்கிருந்து போனது. மெரிடா நகரின் பாசெயோ தெ மொந்தேஹோ சாலையிலுள்ள மாளிகைகளை முதல் நாள் பாருங்கள். அங்கே கின்டா மோந்தெஸ் மோலினா வீட்டை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். மறுநாள் பண்ணைக்குப் போனால் அந்தப் பளிங்குத் தரைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

பண்ணைகளில் இரண்டைச் சொல்வோம். மெரிடாவிலிருந்து மாயா இடிபாடுகள் இருக்கும் உஷ்மாலுக்குப் போகும் பழைய சாலையில் சுமார் 35 கிலோமீட்டரில் யாஷ்கொபோயில் இருக்கிறது. இரட்டை வளைவு வாசல், வெளுத்துப்போன சுவர்கள், நின்றுபோன இயந்திரங்கள். பெரிதாகப் பழுதுபார்க்காமல் விட்டிருக்கிறார்கள். உஷ்மாலுக்கு வாடகைக் காரில் போகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும். மற்றொன்று சோதூதா தெ பெயோன். இங்கே நார் எடுப்பதை இன்றும் செய்து காட்டுகிறார்கள். தண்டவாளத்தில் கோவேறு கழுதை இழுக்கும் வண்டியில் வயலுக்குக் கூட்டிப்போய், கடைசியில் செனோத்தே எனும் நிலத்தடிக் குளத்தில் குளிக்க விடுவார்கள். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். அரைநாள் ஆகும்.

இரண்டில் எங்கே போனாலும் முதலாளி வீட்டு வராந்தாவில் தொடங்காதீர்கள். வயலில் தொடங்கி நார் போன வழியே நடங்கள். செடி நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மடலை வெட்ட முடியும். வெட்டுகிறவர் முள்ளைச் சீவி, ஐம்பது ஐம்பது மடலாகக் கட்டுவார். கட்டுகள் தண்டவாள வண்டியில் ஆலைக்குப் போகும். ஆலையின் சக்கரம் மடலின் சதையை நசுக்கிச் சுரண்டிவிட்டு நாரை மட்டும் வெளியே தள்ளும். நூறு கிலோ மடலில் மூன்று முதல் ஐந்து கிலோதான் நார் தேறும். அதை வெயிலில் கம்பிகளில் காயவைத்து, அழுத்திப் பொதி கட்டுவார்கள். புகைபோக்கி, இயந்திரக் கொட்டகை, காயவைக்கும் வெளி, பொதி கட்டும் அழுத்தி என்ற வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் பாழடைந்த எந்தப் பண்ணையையும் வழிகாட்டி இல்லாமல் படிக்கலாம்.

பிறகு தியெந்தா தெ ராயா எங்கே என்று கேளுங்கள். அது பண்ணையின் கடை. கூலி பல இடங்களில் காசாக வரவில்லை. அந்தப் பண்ணைக்குள் மட்டும் செல்லும் வில்லைகளாக வந்தது. சோளமும் துணியும் அதே கடையில் கடனுக்கு வாங்க வேண்டும், கடன் தீரும்வரை பண்ணையை விட்டு வெளியேற முடியாது. மாயா மக்களோடு, வடக்கே சோனோராவிலிருந்து நாடுகடத்தப்பட்ட யாகி மக்களும், 1905-ல் கப்பலில் வந்த கொரியர்களும் இந்த வயல்களில் உழைத்தார்கள். 1915-ல் சால்வதோர் அல்வராதோ ஆளுநராக வந்த பிறகுதான் கடன் அடிமைமுறைக்கு நடைமுறையில் முடிவு வந்தது. 1937-ல் அதிபர் லாசரோ கார்தெனாஸ் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, காஸ்கோவும் இயந்திரங்களும் முதலாளிகளிடமே தங்கின. வயல்கள் போனபின்னும் கட்டடங்கள் இன்று வரை நிற்பது இதனால்தான். பல பண்ணைகள் விடுதிகளாகிவிட்டன. அங்கெல்லாம் கடை இருந்த அறை வரவேற்பறையாகவோ மதுக்கூடமாகவோ மாறியிருக்கலாம். கேட்டால் காட்டுவார்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் யுகதானில் வெயில் 40 டிகிரியைத் தொடும். காலை 11 மணிக்குள் திறந்தவெளியைப் பார்த்து முடியுங்கள். கொசு மருந்து, தொப்பி, முழுக்கைச் சட்டை வேண்டும். செனோத்தேயில் இறங்கும் முன் குளித்து, உடலிலுள்ள சன்ஸ்கிரீனைக் கழுவிவிடுங்கள். தண்ணீர் கெடும் என்பதால் தடுப்பார்கள்.

பண்ணைகளில் மதிய உணவு நன்றாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம். பலருக்குக் கார்னே என்றால் மாடும் பன்றியும்தான். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கறுப்புப் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம் என்பதால் 'சின் மாந்தேகா' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை முன்பதிவின்போதே எழுதி அனுப்பிவிட்டால் சமையற்கட்டில் பீன்ஸைத் தனியாக எடுத்து வைக்க அவர்களுக்கு நேரம் இருக்கும்.